பத்து மணி நேர ஓய்வு

ஓட்டுநர் எண் 204, பணிப் பதிவேட்டில் உள்ளபடி:

ஜூன் 9 – 7 மணி 50 நிமிடம்
ஜூன் 10 – 8 மணி
ஜூன் 11 – 7 மணி 40 நிமிடம்
ஜூன் 12 – 8 மணி
ஜூன் 13 – 7 மணி 45 நிமிடம்
ஜூன் 14 – 6 மணி 10 நிமிடம்
மொத்தம் – 45 மணி 25 நிமிடம்

அதே ஓட்டுநர், அதே ஆறு நாட்கள், உண்மையில் ஓட்டியது:

ஜூன் 9 – 7 மணி 50 நிமிடம்
ஜூன் 10 – 15 மணி 30 நிமிடம்
ஜூன் 11 – 7 மணி 40 நிமிடம்
ஜூன் 12 – 15 மணி 35 நிமிடம்
ஜூன் 13 – 15 மணி 15 நிமிடம்
ஜூன் 14 – 6 மணி 10 நிமிடம்
மொத்தம் – 68 மணி

முதல் கணக்கு முத்திரை குத்திய தாளில் இருந்தது. இரண்டாவது கணக்கு ஒரே ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. முதல் கணக்கை எழுதியவரும் அவர்தான்.

பேருந்து டெப்போவின் வாசலை ஒட்டி, பத்தடிக்கு எட்டடியில் ஓர் அறை. டைம் ஆபீஸ் என்பார்கள். கம்பி போட்ட ஒரு ஜன்னல், ஜன்னலடியில் ஒரு மரப்பலகை. வண்டி எடுக்க வரும் ஓட்டுநர்கள் முழங்கையை ஊன்றி ஊன்றி அந்தப் பலகையில் இரண்டு குழிகள் விழுந்திருந்தன. உள்ளே ஒரு மேசை, ஒரு சுவர்க்கடிகாரம், சுவரோரம் ஒரு பெஞ்சு, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு பதிவேடு. அங்கே இருபத்தேழு வருடமாக உட்கார்ந்திருந்த டைம் கீப்பருக்கு மணிக்கூண்டு என்று பெயர். ஆள் நல்ல உயரம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மணி சொல்லுவார். யார் வைத்த பெயர் என்று தெரியாது. மேனேஜர்கூட அவர் இல்லாதபோது அப்படித்தான் சொல்வார்.

அவருடைய பதிவேட்டில் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, நிரப்பாத கட்டம் இல்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் மற்ற டெப்போக்காரர்களை அனுப்பி, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். எண்களை அவர் எழுதும் விதத்தைப் பார்த்தால், ஒவ்வொன்றையும் உட்கார வைத்து முடி சீவி விட்டதுபோல இருக்கும்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் புதிய விதிகள் வந்தன. வேறெங்கோ ஓர் ஓட்டுநர் தூங்கிப்போய் ஒரு வண்டி ஆற்றில் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி, நல்ல மனதோடுதான் செய்தார்கள். எந்த ஓட்டுநரும் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஒரு பணி முடிந்து அடுத்த பணி எடுக்குமுன் பத்து மணி நேர ஓய்வு வேண்டும். ஆறாம் விதி, மீறினால் ஓட்டுநருக்கும் டெப்போவுக்கும் தண்டனை என்றது. ஒன்பதாம் விதி, சட்டப்படியான ஓய்வு கொடுக்கப்படாத ஓட்டுநர் கண்ணயர்ந்து விபத்து நேர்ந்தால் அவருடைய வேலைமீதும் உரிமத்தின்மீதும் கை வைக்கக் கூடாது என்றது. மணிக்கூண்டு அதை இரண்டு முறை படித்துவிட்டு, இப்படி ஒரு விதியை எழுதியவன் நிச்சயம் வண்டி ஓட்டியவனாக இருப்பான் என்று வீட்டில் சொன்னார்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டார். இருந்த வண்டிகளை இந்த விதிப்படி ஓட்ட நூற்று முப்பத்தொரு ஓட்டுநர்கள் வேண்டும். இருந்தவர்கள் தொண்ணூற்று மூன்று பேர். முப்பத்தெட்டுப் பேர் வேண்டுமென்று மேனேஜர் எழுதினார். ஆறு மாதம் கழித்து, புதிதாக அச்சடித்த பதிவேடு ஒன்று வந்தது. அதில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக இருந்தன: ‘முந்தைய பணி முடிந்த நேரம்’, ‘எடுத்த ஓய்வு’. ஆள் வரவில்லை. வண்டிகளின் எண்ணிக்கையும் குறையவில்லை.

கட்டங்கள் வந்தால் அவற்றை நிரப்ப வேண்டும். அதற்கு டெப்போவில் மெல்ல மெல்ல ஒரு வழி உண்டாயிற்று. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஓட்டுநர்கள் ஒவ்வொருவரும் திங்கட்கிழமை காலையில் வந்து, அந்த வாரம் முழுவதற்குமான ஓய்வுக் கட்டத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நேரத்தை மணிக்கூண்டு பிறகு எழுதிக்கொள்வார். பத்துக்குக் குறையாமல் எழுதுவார். எல்லாருக்கும் பத்து என்று எழுதினால் கண்ணை உறுத்தும் என்பதால் சிலருக்குப் பத்தேகால், சிலருக்குப் பதினொன்று.

இரட்டைப் பணி பார்ப்பவர்களின் இரண்டாவது பணியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் அடுத்த சிக்கல். அதற்கு 61-ஆம் எண் ஓட்டுநர் கிடைத்தார். அவரை இடுப்பு என்று கூப்பிடுவார்கள். முதுகெலும்பில் வட்டு நழுவி மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்த ஓட்டுநர். விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது, இன்னும் இரண்டு மாதம் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்ற நிலைமை. அவருடைய எண் ஓடிக்கொண்டிருந்தால் அவர் பெயர் அழியாது. இரண்டாவது பணி ஓட்டியவனுடைய கணக்கும் எட்டைத் தாண்டாது. ஒரே கல்லில் இரண்டு பேருக்கு உபகாரம் என்று மணிக்கூண்டு மனதார நம்பினார். ‘இந்த டெப்போவிலேயே அதிகமா வண்டி ஓட்டுறது யாரு தெரியுமா? கட்டில்ல படுத்திருக்கிற நம்ம இடுப்புதான்’ என்று ஓட்டுநர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

204 அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவர் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தான். அடுத்த தெருவில் பெண்டாட்டி, இரண்டு பெண்குழந்தைகளோடு குடியிருந்தான். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாத பிறவி. ஆள் குறையும் நாட்களில் மற்ற ஓட்டுநர்களைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், உடம்பு சரியில்லை என்பார்கள், சங்கத்தைக் காட்டுவார்கள். மச்சினனைக் கேட்டால் சிரிப்பான். அதனால் மணிக்கூண்டு முதலில் அவனைத்தான் கேட்பார். சொந்தக்காரன் என்பதால் சலுகை காட்டுகிறார் என்று டெப்போவில் ஒருவரும் அவரைக் குற்றம் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் பிற்பகல் இரண்டேகாலுக்கு வண்டி எடுத்த மச்சினன், இரவு பத்துக்கு இறங்கி, பத்தரைக்கு 61-இன் பேரில் மறுபடி ஏறி, காலை ஆறு மணிக்கு டெப்போவுக்குள் வந்தான். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மணிக்கூண்டு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

“மாப்ளே, எட்டு மணி வண்டிக்கு ஆள் வரல. குழந்தைக்குக் காய்ச்சலாம்.”

“இப்பத்தான் மாமா இறங்கறேன். கை இன்னும் ஸ்டியரிங்கப் பிடிச்ச மாதிரியே நிக்குது, பாருங்க.”

“ஒரே ஒரு நடைதான். ரெண்டரைக்குத் திரும்பிடலாம். அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு உன்னக் கூப்பிடவே மாட்டேன்.”

“போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க” என்று சிரித்தான். பெஞ்சில் கால் நீட்டிப் படுத்தான். ஏழு ஐம்பதுக்கு மணிக்கூண்டே தோளைத் தட்டி எழுப்பிவிட்டார்.

பிற்பகல் இரண்டு பத்துக்கு, ஊர் எல்லைக்கு ஆறு மைல் முன்னால், வெயில் கொளுத்தும் நேர் சாலையில் வண்டி ஒரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறியது. பதினொரு பேருக்குக் காயம். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் அங்கேயே இறந்துபோனார். மச்சினனுக்குத் தோளெலும்பு முறிந்தது. கண்ணை மூடித் திறந்ததாகவும், திறந்தபோது பாலம் முன்னால் இருந்ததாகவும் அவன் போலீசாரிடம் சொன்னான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

டைம் ஆபீஸுக்குத் தொலைபேசி வந்தது இரண்டு இருபத்தைந்துக்கு. மணிக்கூண்டு போனை வைத்தார். பதிவேடு திறந்தே இருந்தது. எட்டு மணி வண்டிக்கான வரிசை காலியாக இருந்தது. யார் பேரில் எழுதுவது என்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். எண் எழுதாத வண்டி என்றால் ஓட்டுநர் தானாக எடுத்துப் போன வண்டி என்று ஆகிவிடும். வண்டியைத் திருடினான் என்றுகூடச் சொல்வார்கள். மச்சினனைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பில் பேனாவை எடுத்தார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. மேனேஜர் அப்போது வீட்டில் இருந்தார்.

204. பணி தொடக்கம் 8.00. முந்தைய பணி முடிந்த நேரம் முந்தைய நாள் 22.00. எடுத்த ஓய்வு 10 மணி.

ஓய்வுக் கட்டத்தில் மச்சினனின் கையெழுத்துத் திங்கட்கிழமையே போட்டு வைத்தது, தயாராக இருந்தது. நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

ஐந்தாம் நாள், சங்கச் செயலாளர் மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் ஒன்றும் கவலைப்பட வேண்டாம் என்றார். ஒன்பதாம் விதி இருக்கிறது. ஓய்வு இல்லாமல் ஓட்ட விட்டார்கள் என்று காட்டிவிட்டால் வேலையும் உரிமமும் பத்திரம் என்றார். பிறகு மணிக்கூண்டைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

“ரிஜிஸ்டர்ல என்னண்ணே இருக்கு?”

“பத்து மணி நேரம்.”

“ராத்திரி வண்டி?”

“அறுபத்தொண்ணு.”

“அதோட ஒன்பதாம் விதி முடிஞ்சுது” என்றார் செயலாளர். பதிவேடு பொய் என்று சொல்லலாமே என்று மணிக்கூண்டு கேட்டார். சொல்லலாம், ஆனால் சங்கம் சொல்லாது என்றார் செயலாளர். அதே பதிவேட்டில் ஓய்வுக் கட்டத்தில் தொண்ணூறு பேர் கையெழுத்து இருக்கிறது. அது பொய் என்றால் ஆறாம் விதிப்படி தொண்ணூறு பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஒருவனைத் தூக்கிவிடத் தொண்ணூறு பேரைக் குழியில் தள்ள முடியுமா என்று அவரையே திருப்பிக் கேட்டார்.

அன்று மாலை வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

“ஏங்க, தம்பிய அந்த வண்டிக்கு அனுப்பினது நீங்கதானா?”

“ஆமா.”

“அத எழுதியிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப எழுதுங்க.”

எழுதினார். ஜூலை 2-ஆம் தேதி, ஆறு பக்கம். மேலே கண்ட இரண்டு கணக்குகளும் அதில் இருந்தன. தானே பொய்யாக எழுதியதாகவும், தானே கேட்டு அனுப்பியதாகவும், எந்தத் தண்டனைக்கும் தயார் என்றும் எழுதி, மேனேஜருக்கு ஒன்றும் தலைமை அலுவலகத்துக்கு ஒன்றுமாகக் கொடுத்தார். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. படித்துவிட்டு, “இத நான் வாங்கலன்னு வெச்சுக்கறேன், நீங்க ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷந்தானே இருக்கு” என்றார். வாங்கியதாக எழுதிக் கொடுங்கள் என்று மணிக்கூண்டு நின்றார். வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்.

விசாரணை ஜூலை 21. டெப்போவின் மாடி அறையில் நீள மேசை போட்டிருந்தார்கள். விசாரணை அதிகாரி பதிவேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவர் முகத்தில் தெரிந்தது சந்தேகம் இல்லை, ரசனை.

“இருபது வருஷத்துல இப்படி ஒரு ரிஜிஸ்டர நான் பார்த்ததில்ல. இதப் போயா பொய்னு சொல்றீங்க?”

“பொய்யா இருக்கறதாலதான் சார் அடித்தல் இல்லாம இருக்கு. நெஜமா எழுதியிருந்தா கன்னாபின்னான்னு இருந்திருக்கும்.”

அதிகாரி சிரித்தார். பிறகு, இந்த ஓட்டுநர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மனைவியின் தம்பி என்று மணிக்கூண்டு சொன்னார். அதிகாரி பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

இரவு வண்டியின் கண்டக்டர் தன்னுடைய தாளில் என்ன எண் எழுதியிருந்ததோ அதையே சொன்னான். வேறு எதைச் சொன்னாலும் அவன் தாளும் பொய்யாகும். கடைசியாக 61-ஐக் கூப்பிட்டார்கள். இடுப்பு, ஆட்டோவில் வந்திறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறி வந்திருந்தார். இருபத்திரண்டு படி. சட்டைக்கு மேல் தெரியும்படி அகலமான பெல்ட்டு கட்டியிருந்தார்.

ஜூன் பதின்மூன்றாம் தேதி இரவு வண்டியை ஓட்டியது நீங்களா என்று அதிகாரி கேட்டார்.

“ஆமா சார். நான்தான்.”

“இடுப்புல என்ன?”

“இது இப்ப ரெண்டு நாளா சார்.”

மணிக்கூண்டு இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. விசாரணை முடிந்து எல்லாரும் போன பிறகு, வாசலில் ஆட்டோவுக்காக நின்றபோதுதான் பேசினார்.

“திட்டிடு மணிக்கூண்டு. மனசுல வெச்சுக்காத.”

“உன்ன எதுக்குத் திட்டணும்?”

“ஓட்டலன்னு சொன்னா நாளைக்கே பேர அடிச்சிடுவான். வீட்ல சம்பாதிக்க வேற ஆள் இல்லப்பா.”

ஆட்டோ வந்ததும் மணிக்கூண்டு அவருடைய இடுப்பைத் தாங்கிப் பிடித்து மெதுவாக ஏற்றி உட்கார வைத்தார். அவர்மீது கோபம் வரவில்லை. 61-ஐ ஓட வைத்தது தன் பேனாதானே என்ற நினைப்பு மட்டும் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை, ஜூலை 27, அவர் ஒரு காரியம் செய்தார். ஓய்வுக் கட்டத்தில் முன்கூட்டியே யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. வந்தவர்களை வந்த நேரத்துக்கு, போனவர்களைப் போன நேரத்துக்கு எழுதினார். 61 என்ற எண்ணை எழுதவே இல்லை. உண்மையை எழுதிக் காட்டிவிட்டால் பழைய பக்கங்கள் பொய் என்று தானாக விளங்கிவிடும் என்பது அவர் எண்ணம். பதினொரு மணிக்குள் ஜன்னலில் ஏழு ஓட்டுநர்கள் நின்றார்கள். ஒருவருக்குப் பதினாறு மணி நேரம், ஒருவருக்கு நான்கு மணி நேர ஓய்வு என்று பச்சையாக எழுதியிருந்தது.

“மாட்டிக்கப் போறது நாங்கதானேண்ணே? உங்க மச்சினன் ஒருத்தனுக்காக எங்க எல்லாரையும் ரோட்டுல நிறுத்துவீங்களா?” என்றார் ஒருவர். கத்தவில்லை. கெஞ்சுவதுபோலத்தான் கேட்டார்.

மறுநாள் அவரை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். டைம் ஆபீஸுக்குக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அந்த ஒரு நாள் பக்கத்தை அவள் வேறு தாளில் புதிதாக எழுதி ஒட்டினாள் என்று பின்னால் கேள்விப்பட்டார். அவளுக்கும் நல்ல கையெழுத்தாம்.

பணிநீக்க உத்தரவு ஆகஸ்ட் 31 தேதியிட்டு வந்தது. போதிய ஓய்வு எடுத்திருந்தும் கவனக்குறைவாக ஓட்டிய குற்றத்துக்காக 204 வேலையிலிருந்து நீக்கப்பட்டான். உரிமம் ஆயுளுக்கும் ரத்து. மணிக்கூண்டுக்கு ஒரு கண்டனமும் இல்லை, தண்டனையும் இல்லை. அவர் கொடுத்த ஆறு பக்கமும் உறவினர்மீதுள்ள பாசத்தால் எழுதப்பட்டவை என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். என்னையாவது தண்டித்திருக்கலாமே என்று மனைவியிடம் சொன்னார். அவள் அதற்கு, “உங்களத் தண்டிச்சா நீங்க எழுதினது நெஜம்னு ஆயிடுமில்ல” என்றாள். இருபத்தேழு வருடத்தில் அந்த டெப்போவை அவளைவிடச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் யாரும் இல்லை என்று அவருக்கு அப்போது தோன்றியது.

மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி. செப்டம்பர் 12-இல் அதை மச்சினன் பேரில் மணிக்கூண்டே எழுதினார். பதினொரு பக்கம். பதில் தன் வீட்டு முகவரிக்கே வரும்படி போட்டார். பெற்றுக்கொண்டோம் என்று அக்டோபர் 5-இல் ஓர் அட்டை வந்தது. டிசம்பர் 18-இல், பதிவேட்டின் சான்றிட்ட நகலை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. டெப்போவில் நடையாய் நடந்து, கையைக் காலைப் பிடித்து வாங்கி அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. தான் பொய் என்று சொல்லும் அதே தாளை, உண்மை நகல் என்று முத்திரை வாங்கி, தானே தபாலில் போட்டிருக்கிறார்.

அதற்குள் மச்சினனுக்கு ஒரு தனியார் கிடங்கின் வாசலில் காவல் வேலை கிடைத்திருந்தது. தினமும் பன்னிரண்டு மணி நேரம் ஒரு முக்காலியில் உட்கார வேண்டும். காவல்காரனுக்கு இத்தனை மணி நேரம்தான் என்று எந்த விதியும் அங்கே இல்லை. ஒருநாள் பார்க்கப் போனபோது மணிக்கூண்டு அதைச் சொல்லி வருத்தப்பட்டார்.

“இங்க தூங்கினாலும் யாரும் சாக மாட்டாங்க மாமா. அது போதும்” என்றான். சற்றுப் பொறுத்து, “ஆனா தூக்கந்தான் வரமாட்டேங்குது. அந்த டீச்சர் முகம் இன்னும் வண்டிக் கண்ணாடியில இருக்கு. ஏறும்போது என்னப் பார்த்து வணக்கம் சொன்னாங்க” என்றான்.

பிறகு எப்போதும் கேட்பதையே கேட்டான். கடிதம் வந்ததா என்றான். உரிமம் மட்டும் திரும்பக் கிடைத்தால் போதும், வேலைகூட வேண்டாம், ஒரு சரக்கு வண்டியாவது ஓட்டிப் பிள்ளைகளைக் கரையேற்றிவிடுவேன் என்றான். வரும், வரும் என்று சொல்லிவிட்டு மணிக்கூண்டு எழுந்து வந்தார்.

கடிதம் வந்தபோது மனைவிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். மச்சினனும் அன்று வேலைக்குப் போகுமுன் வீட்டுக்கு வந்திருந்தான். மேசையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மணிக்கூண்டு வாசித்தார். ஒரு பக்கம்தான். விதிகளின்படி பராமரிக்கப்பட்ட பதிவேடே இறுதிச் சான்று. பணி நேர விதிகள் அந்த டெப்போவில் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டிருப்பது நகலிலிருந்து தெளிவாகிறது. நீக்கமும் உரிம ரத்தும் உறுதி செய்யப்படுகின்றன.

“மேல வேற எங்கயாவது போட முடியாதா மாமா?”

“இதுதான் முடிவுன்னு எழுதியிருக்கு.”

மச்சினன் தலையை ஆட்டினான். மணியைப் பார்த்தான். நேரமாகிவிட்டது என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அக்கா தெருமுனை வரைக்கும் அவன் கூடவே போனாள். மணிக்கூண்டு கடிதத்தை மடித்து, மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினார். கட்டுமுன் பேனாவை எடுத்து, வலப்பக்க மூலையில் வந்து சேர்ந்த தேதியை எழுதினார்: பிப்ரவரி 19.